யூஃபோர்பியா ‘இன்டோர்’ செடியா? டிவி ஸ்டாண்டில் இருந்து முதலில் இறக்குங்கள்!

“அதிகம் பராமரிப்பு தேவைப்படாத இன்டோர் செடி ஏதாவது இருக்கா?” பாளையங்கோட்டை, பெருமாள்புரம் பக்கம் புதிதாக ஃபிளாட் வாங்கியவர்கள் நர்சரியில் கேட்கும் முதல் கேள்வி இதுதான். பல சமயம் கைக்கு வருவது யூஃபோர்பியா. தண்டெல்லாம் முள், உச்சியில் கொத்தாக சிவப்புப் பூ. இயேசுவின் முள்கிரீடத்தோடு சேர்த்துச் சொல்லப்படும் அதே செடி. சொந்த ஊர் மடகாஸ்கர். 1821-ல் பிரான்சுக்கு இதைக் கொண்டுபோன மிலியஸ் என்ற ஆளுநரின் பெயரால் இது ‘யூஃபோர்பியா மிலி’ ஆனது.

பராமரிப்பு குறைவு என்பது சரிதான். ‘இன்டோர்’ என்பதைத்தான் என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. இதற்கு தினமும் நான்கைந்து மணி நேரமாவது நேரடி வெயில் வேண்டும். டிவி பக்கத்தில் வைத்தால் தண்டு ஒல்லியாக நீளும், பூ நின்றுபோகும். நாமோ ‘பாவம், வாடுதே’ என்று இன்னும் ஒரு கப் தண்ணீர் ஊற்றுவோம். என் முதல் செடியை நான் கொன்றதும் இப்படித்தான். வெயிலுக்குப் பஞ்சமே இல்லாத திருநெல்வேலியில் இருந்துகொண்டு, வெயில் கேட்கும் செடியை டியூப்லைட்டில் வளர்ப்பது என்ன நியாயம்? தெற்கு அல்லது மேற்கு ஜன்னல், பால்கனி, மொட்டை மாடிப் படி, இவைதான் இதன் இடம். ஒரே நாளில் கொண்டுபோய் வெயிலில் வைக்காமல், ஒரு வாரம் கொஞ்சம் கொஞ்சமாகப் பழக்குங்கள்.

அடுத்தது மண். ஆற்றங்கரை வயலின் வண்டலும் கோவில்பட்டிப் பக்கத்துக் கரிசலும் ஈரத்தைப் பிடித்துவைக்கும். நெல்லுக்கும் பருத்திக்கும் அது வரம், இந்தச் செடிக்கு எமன். செம்மண்ணோடு உடைத்த செங்கல் துண்டுகளை தாராளமாகக் கலந்து, கொஞ்சம் மண்புழு உரம் சேர்த்தால் போதும். ஆற்று மணல் தேடிப் போக வேண்டாம், தாமிரபரணியிடம் நாம் அள்ளியது போதும். தொட்டியின் அடியில் ஓட்டை கட்டாயம்.

விரலை மண்ணுக்குள் விட்டுப் பாருங்கள். இரண்டு கணு ஆழம் வரை காய்ந்திருந்தால் மட்டும் தண்ணீர். இலை மஞ்சளாகி உதிர்ந்தால் உடனே வாளியைத் தூக்காதீர்கள். தண்ணீர் குறைந்தாலும் உதிரும், கூடினாலும் உதிரும். தண்டை மெல்ல அழுத்துங்கள், விறைப்பாக இருந்தால் தாகம், கொழகொழவென்றால் அழுகல். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் மட்டும் தொட்டியை கூரைக்கு அடியில் நகர்த்திவிடுங்கள்.

இதெல்லாம் செடி பிழைக்க. நர்சரியில் பலரும் சொல்லாத விஷயம் ஒன்று உண்டு: பால். நம் மானாவாரிக் காட்டு வேலிகளில் நிற்கும் சதுரக்கள்ளி, திருகுக்கள்ளியின் சொந்தக்காரன்தான் இதுவும். சப்பாத்திக்கள்ளியைக் கீறினால் பால் வராது, அது வேறு குடும்பம். இதன் கிளையை ஒடித்தாலோ வெள்ளையாக வடியும். தோலில் பட்டால் எரியும், கண்ணில் பட்டால் கருவிழியே புண்ணாகும். “கள்ளிப்பால் கண்ணுல பட்டா பார்வை போயிரும் பாத்துக்கோ” என்று ஆச்சிகள் மிரட்டியது சும்மா இல்லை. இங்கிலீஷ் பெயரோடு கலர் தொட்டியில் வந்ததும் அந்த எச்சரிக்கையை மறந்துவிட்டோம்.

தவழும் குழந்தை, இலை மெல்லும் நாய், பூனை இருக்கும் வீட்டில் இதைத் தரையில் வைக்கவே கூடாது. கிளை வெட்டும்போது கையுறையும் கண்ணாடியும் போடுங்கள். வெட்டிய இடத்தில் தண்ணீர் தெளித்தால் பால் வடிவது நிற்கும். கையில் பட்டால் சோப்பு போட்டுக் கழுவுங்கள், அதுவரை முகத்தைத் தொடாதீர்கள். கண்ணில் பட்டுவிட்டால் தேய்க்காமல், ஓடும் சுத்தமான தண்ணீரில் பதினைந்து நிமிடமாவது கழுவிவிட்டு நேராக கண் மருத்துவரிடம் போங்கள். ‘காலையில பாத்துக்கலாம்’ என்பது இங்கே உதவாது.

தொட்டியில் விலையை ஒட்டும் நர்சரிக்காரர்கள், ‘பால் விஷம், குழந்தைகள் ஜாக்கிரதை’ என்று இன்னொரு ஸ்டிக்கரும் ஒட்டலாம். ஒட்டச் சொல்லி வாங்குகிற நாமும் கேட்கலாம்.