காணி அவர்கள் பேரில் இருக்கட்டும்

ஊரில் எங்களுக்குக் கிடக்கும் காணிகளைப் பற்றி இந்த வாரம் எழுதுகிறேன். ஸ்காபரோவிலும் ஹரோவிலும் லா சப்பலிலும் இருக்கிற எங்களில் பலருக்கு யாழ்ப்பாணத்தில் ஒரு வளவு இருக்கிறது. தகப்பன் வழி முதுசம், இல்லாவிட்டால் அம்மாவின் சீதனம். கதியால் பட்டு, வேலி விழுந்து, பற்றை மண்டிக் கிடக்கிறது. அதே ஒழுங்கையில், ஒரு பரப்புக் காணிகூடச் சொந்தமாக இல்லாத குடும்பம் ஒன்று, யாரோ சொன்ன "இருங்கோ" என்ற வாய்ச்சொல்லை நம்பி யாருடையதோ வளவில் இருக்கிறது. எங்கள் காணியில் ஒரு துண்டை அப்படிப்பட்ட குடும்பத்தின் பெயருக்கு மாற்றும் வேலையை வெளிநாட்டில் இருந்தபடியே செய்யலாம். நானும் என் சகோதரர்களும் செய்தோம். எப்படிச் செய்தோம் என்று பலர் கேட்டதால் விவரமாகவே எழுதுகிறேன்.

மல்லாகத்துப் பக்கம் இருந்த அந்தக் குடும்பத்தைச் சின்னம்மா மூலமாகத்தான் அறிந்தேன். ஒரு தாயும் இரண்டு பெண்பிள்ளைகளும். கணவர் இறந்துவிட்டார். 1990இல் வலிகாமம் வடக்கிலிருந்து சனம் இடம்பெயர்ந்தபோது அந்தத் தாய் சிறுபிள்ளை. நலன்புரி முகாமில் வளர்ந்து, முகாமிலேயே கல்யாணம் முடித்து, மூத்த மகளையும் அங்கேயே பெற்றவர். 2009க்குப் பிறகு உயர் பாதுகாப்பு வலயக் காணிகள் துண்டு துண்டாக விடுபட்டன. மயிலிட்டித் துறைமுகப் பகுதி 2017இல் விடுபட்டது. சொந்தக் காணி உள்ளவர்கள் திரும்பிப் போனார்கள். இவருக்குத் திரும்பிப் போக இடம் இருக்கவில்லை, ஏனென்றால் இடம்பெயருமுன்பும் அவர்கள் இருந்தது இன்னொருவரின் காணியில்தான்.

முகாமை விட்டு வந்தபின், வெளிநாட்டில் இருக்கும் ஒருவரின் வீட்டுக்குக் காவலாகப் பின்வளவில் தகரக் கொட்டில் போட்டு இருந்தார். முற்றம் கூட்டுவது, தென்னைக்குத் தண்ணீர் விடுவது, வெள்ளிக்கிழமையில் விளக்கேற்றுவது எல்லாம் அவர் வேலை. வாடகை இல்லை, சம்பளமும் இல்லை. சொந்தக்காரரின் பிள்ளைகள் வளவை விற்க முடிவு செய்ததும் எழும்பச் சொல்லிவிட்டார்கள்.

வட்ஸ்அப்பில் அழைத்து அந்தக் கொட்டிலைக் காட்டினார். பிள்ளைகளின் பள்ளிக்கூடப் புத்தகங்கள் ஒரு பழைய சூட்கேசுக்குள் அடுக்கியிருந்தன. அலுமாரி வாங்கவில்லை. எழும்பச் சொன்னால் தூக்கிக்கொண்டு போகச் சூட்கேஸ்தான் வசதி என்றார். கொட்டிலைச் சுற்றி வெறுந்தரை. ஒரு முருங்கைத் தடியாவது ஊன்றியிருக்கலாமே என்று கேட்டேன்.

"மரம் நட்டால் காணி பிடிக்கப் பாக்கிறாள் எண்டு சொல்லிப்போடுவினம் அண்ணை. அதாலை ஒண்டும் நடுறேல்லை."

எங்கள் ஊர் வாடகையில்லாக் குடியிருப்பின் முழுச் சிக்கலும் இந்தப் பதிலில் இருக்கிறது. 1871இல் வந்த ஆட்சியுரிமைக் கட்டளைச் சட்டப்படி, இன்னொருவரின் காணியைப் பத்து வருடம் இடையறாமல், உரிமையாளருக்கு எதிராக, தன்னுடையதாகவே ஆண்டுவந்தவர் நீதிமன்றத்தில் அதற்கு உரிமை கேட்கலாம். இந்தப் பத்து வருடக் கணக்கை நினைத்துத்தான் வெளிநாட்டில் இருப்பவர்கள் பயப்படுகிறார்கள். அதனால் நிரந்தர மலசலகூடம் கட்ட விடுவதில்லை. மின்சார இணைப்புக்குச் சம்மதக் கடிதம் கொடுப்பதில்லை. சில வருடம் போனதும் ஆளை மாற்றிவிடுகிறார்கள். உண்மையில், சொந்தக்காரரின் அனுமதியோடு இருப்பவருக்கு அந்த இருப்பினால் மட்டும் ஆட்சியுரிமை வந்துவிடாது. போரினால் காணியை விட்டுப் போனவர்களைப் பாதுகாக்க 2016இல் தனியாக ஒரு விசேட ஏற்பாட்டுச் சட்டமும் வந்தது. ஆனாலும் பயம் குறையவில்லை. அதன் விலையை அந்தக் கொட்டிலில் இருக்கும் பிள்ளைகள் கொடுக்கிறார்கள்.

இதைக் கேட்டதும் ஸ்காபரோவில் எங்கள் ஊர்ச் சங்கத்து ஆட்கள் சொன்னது, "காசு சேர்ப்பம், ஒரு அறையும் குசினியும் கட்டிக் குடுப்பம்" என்பதுதான். நல்ல மனம். ஆனால் யார் காணியில் கட்டுவது? சட்டத்தின் கண்ணில் நிலத்தோடு சேர்ந்த கட்டடம் பொதுவாக நிலத்துக்குரியவருடையது. இந்திய வீட்டுத் திட்டத்தில் வடக்கிலும் கிழக்கிலும் 46,000 வீடுகள் கட்டக் காசு கொடுத்தார்கள். குடும்பத்துக்கு ஐந்தரை இலட்சம் ரூபா, ஏறக்குறைய 550 சதுர அடி வீடு. அப்படிப்பட்ட திட்டம் ஒவ்வொன்றும் வரும்போது விண்ணப்பத்தில் முதல் வரியில் கேட்பது காணிக்கு என்ன ஆவணம் என்று. ஆவணம் இல்லாதவர்கள் வரிசையின் கடைசிக்குப் போய்விடுகிறார்கள். சீமெந்தும் கல்லும் கொடுக்க எத்தனையோ பேர் இருக்கிறார்கள். காணி கொடுக்கத்தான் ஆளில்லை.

யாழ்ப்பாணத்தில் காணி ஒருநாளும் எல்லோர் கையிலும் இருந்ததில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும். தங்களை உயர்த்திக்கொண்ட சாதியினரின் கையில் தோட்டமும் வளவும் இருந்தன. ஒடுக்கப்பட்டவர்கள் அவர்களின் காணி ஓரங்களில் அவர்களின் தயவில் இருந்தார்கள். முகாம்களில் கடைசிவரை மிஞ்சிப்போனவர்களில் காணியில்லாத இந்தக் குடும்பங்கள் பல. காசு சேர்த்துக்கொண்டு வந்தாலும் இன்ன ஆட்களுக்கு விற்க மாட்டோம் என்று சொல்கிற ஒழுங்கைகள் இன்றும் இருக்கின்றன. போர் பறித்தது ஒருபுறம் இருக்க, போருக்கு முன்பே நாங்கள் கொடுக்காமல் விட்டதும் இதில் இருக்கிறது.

வாங்கிக் கொடுப்போமா என்று முதலில் பார்த்தோம். 2014ஆம் ஆண்டுச் சட்டப்படி வெளிநாட்டுக் குடியுரிமை மட்டும் உள்ளவர் இலங்கையில் தன் பெயரில் காணி வாங்க முடியாது. இரட்டைக் குடியுரிமை உள்ளவர்களுக்கு விலக்கு உண்டு. அந்தக் குடும்பத்தின் பெயரிலேயே நேராக வாங்குவதில் தடையில்லை. ஆனால் விலை எங்கள் கைக்கு எட்டவில்லை. அப்போதுதான் அம்மாவின் வளவு ஞாபகத்துக்கு வந்தது. முன்னுக்குப் பழைய வீடு. பின்னுக்கு நாலு பரப்பு, எங்கள் நாலு பேருக்கும் பிரிபடாத பங்காகக் கிடந்தது. அண்ணன் லண்டனில், அக்கா சிட்னியில், தம்பி பாரிசில். நாலு பேரும் ஒத்துக்கொள்ளாமல் ஒரு குழிகூடக் கொடுக்க முடியாது.

நாலு நாட்டு நேரத்தையும் பொருத்தி ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் கதைத்தோம். தம்பி உடனே சரி என்றான். அக்காவுக்கு அது அம்மா நடந்து திரிந்த மண். அண்ணன் கேட்டார்: "நாளைக்கு எங்கட பிள்ளையள் கேட்டால் என்ன சொல்லுறது?"

"உங்கட பிள்ளையள் எப்ப கடைசியா ஊருக்குப் போனவை அண்ணா?" என்று தம்பி கேட்டான். அண்ணன் கனநேரம் பேசவில்லை. பிறகு, "ரெண்டு பரப்பு எழுதுவம்" என்றார்.

உறவுக்காரர் ஒருவர் எனக்குத் தனியாகத் தொலைபேசியில் வந்தார். "ஆருக்குக் குடுக்கிறியள் எண்டு யோசிச்சனீங்களோ? பக்கத்துக் காணிக்காரர் என்ன சொல்லுவினம்?" யோசித்துத்தான் கொடுக்கிறோம் என்று சொன்னேன். கொட்டிலில் இருக்கும் பிள்ளைகள் நிம்மதியாகப் படிப்பதைவிட ஒழுங்கைக்காரரின் பேச்சு பெரிதில்லை என்றும் சொன்னேன். அவர் அதன் பிறகு எடுக்கவில்லை.

இனி வேலை நடந்த முறை. முதலில் ஊரிலுள்ள நொத்தாரிசு காணிப் பதிவகத்தில் தோம்பு பார்த்தார். ஈடு, வழக்கு எதுவும் இல்லை என்று உறுதியானது. அனுமதி பெற்ற நில அளவையாளர் வந்து பின்வளவில் இரண்டு பரப்பை, அதாவது இருபது பேர்ச்சை, பிரித்து வரைபடம் கீறினார். பிரதேச சபை அதை அங்கீகரித்தது. நாங்கள் நால்வரும் அவரவர் நாட்டில் அற்றோணித் தத்துவம் எழுதி, இலங்கைத் தூதரக அலுவலகங்களில் அத்தாட்சிப்படுத்தி, சின்னம்மாவின் மகனுக்கு அனுப்பினோம். அந்தத் தத்துவத்தில், இந்த ஒரு காணித் துண்டை இந்த ஒரு நபருக்கு நன்கொடையாக எழுத மட்டும் அதிகாரம் என்று குறித்தோம். எல்லா அதிகாரமும் கொடுக்கும் பொதுத் தத்துவத்தை எழுதிவிட்டுப் பிறகு கண்ணீரோடு அலைகிறவர்கள் எங்கள் சமூகத்தில் நிறைய. தேசவழமைப்படி மணமான பெண் அசையாச் சொத்தைக் கைமாற்றக் கணவரின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும் என்று நொத்தாரிசு கேட்டதால் சிட்னி அத்தானும் கையெழுத்து வைத்தார்.

இலங்கையில் காணிக் கைமாற்றம் நொத்தாரிசு முன்னிலையில், இரண்டு சாட்சிகளோடு எழுத்தில் நடந்தால்தான் செல்லும். 1840ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டம் அதை அப்போதே தெளிவாகச் சொல்லிவிட்டது. "உங்கட காணி மாதிரி நினைச்சு இருங்கோ" என்று நாங்கள் தொலைபேசியில் சொல்லும் சொல்லுக்கு அங்கே ஒரு பெறுமதியும் இல்லை. நன்கொடை உறுதிக்கு முத்திரை வரி விற்பனையைவிடக் குறைவு. முதல் 50,000 ரூபாவுக்கு 3 வீதம், மிச்சப் பெறுமதிக்கு 2 வீதம். அதையும் நொத்தாரிசின் கட்டணத்தையும் கொடுப்பவர்களே செலுத்த வேண்டும். கொடுப்பதை வாங்கிக்கொள்ள அவர்கள் கடன்படக் கூடாது.

உறுதியின் வரைவு வந்ததும் அட்டவணைப் பகுதியைச் சொல்லுக்குச் சொல் வாசித்தோம். நாலு எல்லையும் சரியாக இருந்தன. கிணற்றைக் காணவில்லை. வற்றாத ஆறு ஒன்றும் இல்லாத குடாநாட்டில் கிணற்றில் பங்கில்லாத காணி என்ன காணி? அம்மாவின் வளவில் இருப்பது ஒரே கிணறு, அது முன்வளவில். ஒழுங்கைக்குப் போகிற பாதையும் முன்வளவினூடாகத்தான். கிணற்றில் பங்கும், தண்ணீர் எடுக்கும் உரிமையும், பத்தடி அகலப் பாதை உரிமையும் உறுதியிலேயே எழுதச் சொன்னோம். நாளைக்கு முன்வளவு வேறு கைக்குப் போனாலும் அந்தத் தாய் ஒரு குடம் தண்ணீருக்கு யாரிடமும் கெஞ்சத் தேவையில்லை. காணி கொடுக்க நினைப்பவர்கள் இந்த இடத்தைக் கட்டாயம் கவனியுங்கள்.

இன்னும் இரண்டு விடயம். மீளப்பெற முடியாத நன்கொடை என்று உறுதியில் எழுதுங்கள். பெறுபவர் அதே உறுதியில் ஏற்றுக்கொண்டு கையெழுத்து வைக்க வேண்டும். சீவிய உருத்தை எங்களுக்கென்று நிறுத்தி வைக்கச் சிலர் ஆலோசனை சொன்னார்கள். அப்படி எழுதினால் நாங்கள் உயிரோடு இருக்கும்வரை அவர் மீண்டும் எங்கள் தயவில்தான் இருப்பார். பதிலுக்குப் பழைய வீட்டைப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனையும் வேண்டாம் என்று நால்வரும் சேர்ந்து முடிவெடுத்தோம். அந்த வேலைக்கு இப்போது மாதச் சம்பளம் கொடுக்கிறோம். விருப்பமில்லை என்றால் அவர் அதை விட்டுவிடலாம். அவருடைய காணி அவருடையதாகவே இருக்கும்.

உறுதி கைக்கு வந்த பிறகு மற்றவை ஒவ்வொன்றாகத் தாமாக நகர்ந்தன. மின்சார இணைப்பு அவர் பெயரில் வந்தது. கிராம அலுவலர் வாக்காளர் இடாப்பில் புது முகவரியைப் பதிந்தார். சின்னவளை முதலாம் வகுப்பில் சேர்க்கப் பக்கத்துப் பாடசாலைக்குக் காட்ட வதிவிட ஆவணம் இருந்தது. ஊர்ச் சங்கம் சேர்த்த காசை அத்திவாரம், சுவர், கூரை என்று கட்டம் கட்டமாக அனுப்பியது. மேசனைப் பேசியதும் கல் பறித்ததும் அவரே. எங்கே அறை, எங்கே குசினி என்று அவரே சொன்னார். கூரை போட்டதும் சுவரில் சங்கத்தின் பெயர்ப் பலகை வைக்கலாமா என்று ஒருவர் கேட்டார். வேண்டாம் என்று சங்கமே தீர்மானித்தது. அந்தப் பிள்ளைகள் தங்கள் வீட்டுக்குள் போகும்போது வேறு யாருடைய பெயரையும் வாசிக்கத் தேவையில்லை.

எல்லோரும் காணி கொடுக்க முடியாது என்று எனக்குத் தெரியும். ஒரேயொரு வளவை வைத்துக்கொண்டு முதுமையில் ஊர் திரும்ப நினைப்பவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் தங்கள் வளவில் இருக்கும் குடும்பத்துக்கு எழுத்தில் ஒரு குத்தகை கொடுக்கலாம். இத்தனை வருடம், எழும்பச் சொல்வதானால் இத்தனை மாத அவகாசம் என்று எழுதலாம். மின்சாரத்துக்கும் மலசலகூடத்துக்கும் சம்மதம் கொடுக்கலாம். எழுத்தில் இருந்தால் இரு பக்கத்துக்கும் பயம் குறையும்.

ஆனால் திரும்பிப் போகப் போவதில்லை என்று தெரிந்தும் காணியை வைத்திருப்பவர்கள் தள்ளிப்போட வேண்டாம். எங்கள் நாலு பேரின் சம்மதம் எடுக்கவே ஒரு வருடத்துக்கு மேல் போனது. நாங்கள் போனபின் அந்தப் பங்கு மூன்று நாலு நாடுகளில் இருக்கும் பேரப்பிள்ளைகளிடம் சிதறும். அவர்களில் பலருக்குத் தமிழில் எழுதிய உறுதியை வாசிக்கத் தெரியாது, எந்த ஒழுங்கை என்றும் தெரியாது. அத்தனை பேரின் கையெழுத்தையும் யாராலும் சேர்க்க முடியாது. அந்த வளவு யாருக்கும் பயனில்லாமல் வழக்கில் கிடக்கும், அல்லது யாரோ ஒரு தரகரின் கைக்குப் போகும். கையெழுத்து வைக்கக் கூடிய தலைமுறை நாங்கள்தான். இந்த வாரமே உங்கள் சகோதரங்களை ஒரே அழைப்பில் கூப்பிட்டு, பெட்டிக்குள் கிடக்கும் உறுதியை எடுத்து வைத்துக்கொண்டு, எவ்வளவு கொடுக்கலாம் என்று கதையுங்கள்.