ஓய்வு நாள் யாருக்கு?

மதுரை வெயிலைப் பற்றி மதுரைக்காரர்களுக்கு யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் 1834-ஆம் வருஷத்தில் யாழ்ப்பாணத்து வழியாக இங்கே வந்து மிஷன் ஸ்தாபித்த அமெரிக்கப் பாதிரிமாருக்கு அது பெருஞ் சோதனையாயிற்று. வெயிலோடு காலராவும் காய்ச்சலும் சேர்ந்துகொண்டு அவர்களுடைய குடும்பங்களில் சிலரைப் பலி கொண்டன. ஆகவே 1845-ல் பழனி மலைமேல் இரண்டு வீடுகளைக் கட்டிக்கொண்டு, களைத்தபோதெல்லாம் ஏறிப்போய் இளைப்பாறத் தொடங்கினார்கள். இன்று புதுமணத் தம்பதிகள் படகு விடப் போகிற கோடைக்கானல் பட்டணம் அப்படிப் பிறந்ததேயாகும்.

இதில் குறை காண நாம் முன்வரவில்லை. இயேசுநாதரே தம் சீஷர்கள் சாப்பிடவும் நேரமின்றி அலைவதைக் கண்டு, தனியிடத்துக்குப் போய்ச் சற்றே இளைப்பாறும்படி அழைத்தார் என்று மாற்கு எழுதியிருக்கிறார். புயலடிக்கும் கடலில், படகின் பின்புறத்தில் தலையணை வைத்துத் தூங்கியவரும் அவரே. ஓய்வை அவர் சோம்பலென்று எண்ணவில்லை. உலகத்தைத் தாங்குகிறவர் வேறொருவர் இருக்கிறார் என்ற நம்பிக்கையின் அடையாளமாகவே கொண்டார்.

ஆனால் மோட்டார் பாதை வருவதற்கு முன் அந்த மலைக்குத் துரைமாரும் துரைசானிகளும் ஏறிய விதத்தை நினைத்துப் பாருங்கள். குதிரையில் போனவர் சிலர்; டோலியிலும் நாற்காலியிலும் நம்மவர் தோள்மேல் போனவர் பலர். சுமந்தவர்களுக்கு எந்த மலையில் இளைப்பாறுதல் கிடைத்ததோ, தெரியவில்லை.

கேள்வி வேதத்துக்கு வெளியிலிருந்து வந்ததல்ல. ஓய்வு நாள் கற்பனையை வாசித்தால், நீ மட்டும் சும்மாயிரு என்று அது சொல்லவில்லை. மகன், மகள், வேலைக்காரன், வேலைக்காரி, மாடு, கழுதை, வாசலில் தங்கிய அந்நியன் எல்லோருமே ஓய வேண்டும் என்கிறது. உபாகமத்தில் காரணமும் இருக்கிறது: நீயும் எகிப்தில் அடிமையாயிருந்தவன், மறவாதே என்பதே அது. அடிமைக்கு ஓய்வு கிடையாது. ஆகவே ஓய்வு என்பது விடுதலையின் சின்னம்.

நம் தேசத்து ஆலைத் தொழிலாளருக்கு அந்தச் சின்னம் கோயில் மணியோசையோடு தானாக வந்துவிடவில்லை. பம்பாயில் நாராயண் மேகாஜி லோகண்டே என்பவர் தொழிலாளரைத் திரட்டிப் போராடியதன் பலனாக, 1890-ஆம் வருஷம் ஜூன் மாதத்தில் ஆலை முதலாளிகள் வாராந்தர விடுமுறைக்கு இசைந்தார்கள். மறு வருஷம் அது சட்டத்திலும் ஏறிற்று. துரைத்தனத்தார் கிறிஸ்தவர்கள்தாம், இருந்தும் கேட்டுத்தான் வாங்க வேண்டியிருந்தது.

உழவர் விஷயம் வேறு. ரோமச் சக்கரவர்த்தி கான்ஸ்டன்டைன் 321-ல் ஞாயிற்றுக்கிழமையைப் பட்டணங்களுக்கு ஓய்வு நாளாக்கியபோது, பருவம் தவறினால் விளைச்சல் போகும் என்று குடியானவர்களுக்கு விலக்களித்தான். மேலூர்ப் பக்கத்துக் குடியானவர் இதைக் கேட்டால் அவனை மெச்சுவார். முறைத் தண்ணீர் ஞாயிறு காலையில் வந்தால், மண்வெட்டியை எடுப்பதா, ஜெபப் புத்தகத்தை எடுப்பதா? ஓய்வு நாளில் கிணற்றில் விழுந்த எருதைத் தூக்கிவிட மாட்டீர்களா என்று கேட்டவர், காயும் பயிருக்காக மடை திறப்பதைக் கோபிப்பாரென்று நமக்குத் தோன்றவில்லை. கத்தோலிக்கருக்கு இன்னொரு வழியும் உண்டு. காலையிலும் உச்சிப்பொழுதிலும் மாலையிலும் கோயில் மணி கேட்டவுடன் கைவேலையை நிறுத்தி மூவேளை ஜெபம் சொல்வது அவர்கள் வழக்கம். இரண்டு நிமிஷந்தான், ஆனால் தினந்தோறும் மூன்று முறை மனிதன் வேலைக்கு எஜமானாகிறான்.

இனி, நாம் தயங்கித் தயங்கி வந்து சேர்கிற இடம் அடுக்களை. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் ஐயா சாய்வு நாற்காலியில் பத்திரிகையோடு அமருகிறார். கறிக்கடையிலிருந்து கறி வந்தாயிற்று. மசாலா அரைப்பவர் யார்? விருந்தினர் இலையை எடுப்பவர் யார்? வாரத்தில் அம்மாவுக்கு மிகக் கடினமான நாள் ஓய்வு நாளே! கற்பனையின் ஜாபிதாவில் மாடும் கழுதையும் இருக்க, மனைவியின் பெயர் இல்லை. ‘நீ’ என்ற சொல்லில் அவளும் அடக்கம் என்று வேத பண்டிதர்கள் விளக்குகிறார்கள். அடக்கம் என்ற சொல்லுக்கு நம் வீடுகளில் வேறொரு பொருளும் வழங்கி வருவதை அவர்கள் அறியமாட்டார்கள் போலும்.

மார்த்தாளின் கதையைப் பிரசங்கத்தில் கேட்கும்போது நமக்கு எப்போதும் ஒரு சந்தேகம். காலடியில் அமர்ந்து வசனம் கேட்ட மரியாளே நல்ல பங்கைத் தெரிந்துகொண்டாள் என்பது சரி. அன்று இரவுச் சாப்பாட்டை யார் சமைத்தார் என்பதை லூக்கா சொல்லவில்லை.

யாத்திராகமத்தில் வழி இருக்கிறது. வனாந்தரத்தில் மன்னா பொழிந்தபோது ஆறாம் நாளில் இரட்டிப்பாகச் சேர்த்து, வேண்டியதை அன்றே சமைத்து வைத்துக்கொள்ளும்படி கட்டளையாயிற்று. ஏழாம் நாள் அடுப்புக்கு வேலையில்லை. மதுரைச் சீமையில் இதற்கு மன்னா தேவையில்லை. சனிக்கிழமை இரவு சோற்றில் தண்ணீர் ஊற்றி வைத்தால் ஞாயிறு காலையில் பழையது தயார், தொட்டுக்கொள்ள மாவடு. மத்தியானத்துக்கு முதல் நாளே வைத்த புளிக்குழம்பு, வைத்த அன்றைவிட மறுநாள்தான் ருசி. அதைச் சுடவைக்கவும், பாத்திரம் துலக்கவும் ஐயாவுக்கே தெரியும்.