தலைகீழ் யானை

சிப்பாய் ராஜா ஆக முடியாது. இதைச் சொல்லிவிட்டுத்தான் இந்த வாரம் மற்ற பேச்சு.

ஞாயிற்றுக்கிழமை திண்டுக்கல் பேகம்பூர்ப் பக்கம் ஒரு கல்யாண மண்டபத்தில் பள்ளிப் பிள்ளைகளுக்கு செஸ் போட்டி. பேத்தியைக் கூட்டிக்கொண்டு போயிருந்தேன். பரிசு கொடுக்க வந்த சிறப்பு விருந்தினர் மைக்கைப் பிடித்து, “ஒவ்வொரு கட்டமாக நடக்கிற சிப்பாய்கூட ஒருநாள் ராஜா ஆகிறான்” என்று ஆரம்பித்தார். முன்வரிசைப் பொடிசுகள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பேத்தி என் சட்டையை இழுத்தாள். “தாத்தா, இவருக்கு ஆடத் தெரியாதா?” கைதட்டச் சொன்னார்கள். தட்டினோம்.

சிப்பாயை வைத்துத் தன்னம்பிக்கை வகுப்பு எடுப்பவர்கள் மேல் எனக்குள்ள கடுப்பு பழைய வாசகர்களுக்குப் புதிதல்ல. 2022-ல் மாமல்லபுரத்தில் ஒலிம்பியாட் நடந்தபோது ஒரு முறை புலம்பினேன். 2024 டிசம்பர் 12 அன்று சிங்கப்பூரில் குகேஷ் உலக சாம்பியன் ஆனபோது இன்னொரு முறை. அந்தக் கடைசி ஆட்டத்தில்கூட எந்தச் சிப்பாயும் கடைசி வரிசையைத் தொடவில்லை. குகேஷிடம் ஒரு சிப்பாய் அதிகம். அது போய்ச் சேர்ந்துவிடும் என்று தெரிந்ததுமே டிங் லிரென் கைகொடுத்துவிட்டார்.

சரி, விருந்தினருக்காகச் சட்டத்தைச் சொல்லிவிடுகிறேன். சிப்பாய் எதிராளி பக்கத்துக் கடைசி வரிசையை மிதித்த அந்த நகர்த்தலிலேயே உருமாற வேண்டும். ராணி, யானை, மந்திரி, குதிரை, இந்த நான்கில் ஒன்று. ராஜா ஆகக் கூடாது. சிப்பாயாகவே நிற்கவும் கூடாது. வெட்டுப்பட்ட காயைத்தான் திரும்ப வாங்க முடியும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி ஒன்றும் இல்லை. உங்கள் ராணி பலகையில் இருக்கும்போதே இரண்டாவது ராணி வரலாம். எட்டுச் சிப்பாயும் கரை சேர்ந்தால் ஒன்பது ராணிகள்.

ஒன்பது ராணிக்கு எங்கே போவது? கடையில் விற்கிற பல பெட்டிகளில் பக்கத்துக்கு ஒரு ராணிதான். அதனால் நாம் வழிவழியாகச் செய்துவருவது, வெட்டுப்பட்ட யானையைத் தலைகீழாகக் கவிழ்த்து “இது ராணி” என்று சொல்லிக்கொள்வது. ஞாயிற்றுக்கிழமை ஒரு குட்டிப்பெண் அதைத்தான் செய்தாள். கவிழ்ந்த யானையைக் குறுக்காக நகர்த்தப் போனபோது நடுவர் தடுத்துவிட்டார். போட்டிச் சட்டப்படி தலைகீழ் யானையும் யானைதான். கடிகாரத்தை நிறுத்தி நடுவரிடம் ராணி கேட்டிருக்க வேண்டும். அவளுக்கு யார் சொன்னார்கள்? அழுதுகொண்டே போனாள். 2017-ல் கனடா தேசியப் போட்டியின் சமன்முறிப்பு ஆட்டத்திலேயே இது நடந்தது. நொரிட்சின் அவசரத்தில் யானையைக் கவிழ்த்து வைத்தார். ராணியோ எதிராளி சாம்புவேவின் கையில் இருந்தது. நடுவர் யானை என்றே தீர்ப்புச் சொன்னார், பட்டமும் கைநழுவியது. செஸ் பெட்டி செய்பவர்களே, பக்கத்துக்கு இன்னொரு ராணி போட்டால் என்ன குறைந்துவிடும்? பூட்டுக்கு இரண்டு சாவி கொடுக்கிற ஊரிலிருந்து கேட்கிறேன்.

ராணிக்கு இவ்வளவு அடித்துக்கொள்கிறோம். ராணி வேண்டாம், யானை போதும் என்று ஒருவர் சொன்ன கதை இருக்கிறது. என் மனம் விருந்தினரை விட்டுவிட்டு அங்கேதான் போகிறது, ஏனென்றால் அதில் மாட்டிக்கொண்டவர் என்னைப் போல ஒரு பத்திக்காரர்.

1895. ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் ‘வீக்லி சிட்டிசன்’ பத்திரிகையில் செஸ் பத்தி எழுதிவந்தவர் பார்பியர். ஒரு புதிர் போட்டார். பலகையில் நான்கே காய்கள். வெள்ளைக்கு ராஜாவும் கரை சேர இரண்டடி பாக்கியுள்ள ஒரு சிப்பாயும். கறுப்புக்கு மூலையில் ராஜா, கூட ஒரு யானை. சிப்பாய் ஓரடி வைத்ததும் யானை செக் மேல் செக் கொடுத்து வெள்ளை ராஜாவைக் கீழே விரட்டுகிறது. கடைசியில் செக்கை நிறுத்திவிட்டு ஒரு பொறி வைக்கிறது. சிப்பாய் ராணியானால், யானை அதன் எதிரே வந்து நின்று செக் சொல்லும். ராணி அதை வெட்டித்தான் ஆக வேண்டும். வெட்டினால் கறுப்பு ராஜாவுக்குச் செக்கும் இல்லை, நகர இடமும் இல்லை. ஸ்டேல்மேட். ஆகவே டிரா என்று விடை எழுதி முடித்துவிட்டார் பார்பியர்.

அந்த ஊரில் சாவெத்ரா என்று ஒரு ஸ்பானியப் பாதிரியார். பெரிய ஆட்டக்காரர் இல்லை. செஸ் உலகம் அவரை நினைவில் வைத்திருப்பதே அன்று அவர் சொன்ன ஒரே நகர்த்தலுக்காகத்தான்: ராணி ஆக்காதீர்கள், யானை ஆக்குங்கள். யானை குறுக்கே பார்க்காது. அதனால் கறுப்பு ராஜாவுக்கு ஒரு கட்டம் திறந்திருக்கும், ஸ்டேல்மேட் கிடையாது. அடுத்த நகர்த்தலில் ஓரத்து வரிசையில் மேட் வைக்கப்போகிறது வெள்ளை யானை. அதைத் தடுக்கக் கறுப்பு யானை குறுக்கே வர வேண்டும். வந்ததும் வெள்ளை ராஜா ஓரடி நகர்கிறார். ஒரு பக்கம் யானைக்கு வெட்டு, மறுபக்கம் மேட். இரண்டையும் காப்பாற்ற வழியில்லை.

பார்பியர் திருத்தத்தைப் பத்தியிலேயே வெளியிட்டார். எனக்கும் வேடசந்தூரில் ஒரு சாவெத்ரா உண்டு, ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார். சிறுமலை வாழையையும் விருப்பாச்சி வாழையையும் நான் ஒன்றாக்கி எழுதிய வாரம், இரண்டுக்கும் தனித்தனியே புவிசார் குறியீடு இருப்பதைத் தபால் கார்டில் நுணுக்கி எழுதி அனுப்பியவர்.

இந்த வாரம் அவருக்கு வேலை வைக்கிறேன். நாகல் நகர் வீட்டுத் திண்ணையில் எனக்கு ஆட்டம் கற்றுக்கொடுத்த பெரியப்பாவின் சட்டம் வேறு. சிப்பாய் முதல் நகர்த்தலிலும் ஓரடிதான். எந்தக் காயின் வீட்டில் போய் நிற்கிறதோ அந்தக் காயாகத்தான் மாறும். ராணி கேட்டு அடம்பிடித்தால், “யார் வீட்டுக்குள்ள போனியோ அவன் சட்டையைப் போட்டுக்கடா” என்பார். நம் நாட்டுப் பழைய ஆட்டமே அதுதான். 1929-ல் பிரிட்டிஷ் சாம்பியன் ஆன மீர் சுல்தான் கானும் அப்படி ஆடிப் பழகியவரே.

பார்பியரின் சிப்பாய் போய்ச் சேருவது மந்திரியின் வீட்டில். திங்கட்கிழமை ராத்திரி பேத்தியின் பலகையில் நான்கு காய்களை வைத்து, பெரியப்பா சட்டப்படி மந்திரி ஆக்கிப் பார்த்தேன். யானை அதே இடத்துக்கு வந்து செக் சொல்கிறது. இந்த மந்திரியால் அதை வெட்ட முடியாது. ராஜா ஒதுங்குகிறார், மந்திரி காலி. பத்திக்காரர் டிரா என்றார், பாதிரியார் ஜெயம் என்றார், நாகல் நகரில் வெள்ளை தோற்கிறது.

வேடசந்தூரில் இந்நேரம் பலகை எடுத்தாகியிருக்கும்.