கடலோர விருந்தும் கருத்து வேறுபாட்டின் ஒழுக்கமும்



முட்டைக்கும் கோழிக்கும் பெயர் பெற்ற சேலம், நாமக்கல் சமவெளியில் வாழும் நமக்குக் கடல் தொலைவானது. விடுமுறை நாளில் ஃபஜ்ருத் தொழுகையை முடித்துக் குடும்பத்துடன் காரில் புறப்பட்டு, கடலைக் கண்டு, மீன் உணவு உண்டு, இரவே திரும்பும் வழக்கம் நம்மிடையே பெருகியுள்ளது. இது நல்ல வழக்கமே. பூமியில் பயணம் செய்து படைப்பைச் சிந்திக்குமாறு திருமறையும் நம்மை அழைக்கிறது. ஆயினும் சில பயணங்கள் விருந்து மேசையில் மார்க்கச் சச்சரவாக முடிந்துவிடுகின்றன. அதைக் குறித்தே இங்கு எழுதுகிறோம்.

மஹ்மூது பந்தர் என்றும் அழைக்கப்பட்ட பரங்கிப்பேட்டையை எடுத்துக்கொள்வோம். சேலத்திலிருந்து ஆத்தூர், சின்னசேலம், விருத்தாசலம், புவனகிரி வழியாகச் சுமார் 200 கிலோமீட்டர். அவ்வூர் நமக்கு அந்நியமன்று. ஆத்தூரைத் தொட்டோடும் நம் வசிஷ்ட நதி, சுவேத நதியுடன் கூடி வெள்ளாறாகி, அங்கேதான் கடலில் கலக்கிறது. 19-ஆம் நூற்றாண்டில் அங்கு இயங்கிய இரும்பாலைக்குச் சேலத்துத் தாது சென்றது. இன்று நம் குடும்பங்களுள் சில, கடலோர ஊர்களில் சம்பந்தமும் செய்துள்ளன.

விருந்தில் நண்டு வைக்கப்படுகிறது. நம் பகுதியினர் பெரும்பாலும் ஹனஃபிகள். கடலோர மரைக்காயர்களிடம் ஷாஃபிஈ மத்ஹபே மேலோங்கியது. கடல் வேட்டையும் அதன் உணவும் ஆகுமானவை எனும் அல்மாயிதா அத்தியாயத்தின் 96-ஆம் வசனத்தை இரு சாராரும் ஓதுகின்றனர். ஹனஃபி அறிஞர்கள் அதை மீன் இனத்துக்கு உரியதாகக் கொண்டதால் நண்டைத் தவிர்க்கின்றனர். இறால் மீன் இனமா என்பதில் அவர்களுக்குள்ளேயே கருத்து வேறுபாடு உண்டு. ஷாஃபிஈ அறிஞர்கள் அனுமதியை விரிவாகக் கொண்டனர். இரண்டும் ஆய்ந்து எடுத்த முடிவுகளே.

இதையறியாமல், அன்புடன் சமைத்துப் பரிமாறியவர் முன்னிலையில் "இது ஹராம்" என்று உரக்கச் சொல்வது எவ்வகை ஒழுக்கம்? அருகிலிருக்கும் சிறுபிள்ளை அன்று மார்க்கச் சட்டத்தையா கற்கிறது? தன் உறவினர் ஹராம் உண்பவர்கள் என்ற இகழ்ச்சியையே கற்கிறது. உண்ணாதவர் நண்டை விடுத்து மீனை எடுத்துக்கொள்ளலாம். நபி (ஸல்) அவர்கள் எந்த உணவையும் குறைகூறியதில்லை. விரும்பினால் உண்பார்கள், இல்லையேல் விட்டுவிடுவார்கள். விருந்தளிப்பவரும் "ஒரு துண்டு எடுங்கள், ஒன்றும் ஆகாது" என்று வற்புறுத்தலாகாது. அதுவும் புண்படுத்துவதே.

தொழுகையிலும் இதே நிலைதான். இவ்வளவு தொலைவு செல்லும் பயணிக்கு ஹனஃபி மத்ஹபில் கஸ்ரு கடமை. ஆனால் இரு தொழுகைகளை ஒரே நேரத்தில் சேர்த்துத் தொழுவதில்லை. ஷாஃபிஈ மத்ஹபில் கஸ்ரு சலுகை. லுஹரையும் அஸரையும் சேர்த்துத் தொழவும் அனுமதி உண்டு. ஒரே காரில் செல்லும் மைத்துனர்கள் இதற்காக வாதிட வேண்டியதில்லை. உள்ளூர் இமாமின் பின்னே நின்றால் இரு மத்ஹபினரும் நான்கு ரக்அத்துகளையும் முழுமையாகவே தொழ வேண்டும். ஜமாஅத் அவர்களை ஒரே வரிசையில் நிறுத்திவிடுகிறது.

இதற்கு நபித்தோழர்களின் பயணம் ஒன்றே சான்று. பனூ குறைழாவைச் சென்றடைந்தே அஸர் தொழ வேண்டும் என அவர்களுக்குக் கட்டளையிடப்பட்டது. வழியில் நேரம் வந்தபோது, விரைந்து செல்வதே கட்டளையின் நோக்கம் எனக் கருதிச் சிலர் அங்கேயே தொழுதனர். சிலர் சொல்லை அப்படியே பற்றி, சென்றடைந்த பின்னரே தொழுதனர். செய்தி எட்டியபோது நபி (ஸல்) அவர்கள் எவரையும் கண்டிக்கவில்லை. அவர்கள் கண்டிக்காத வகை வேறுபாட்டுக்காக நாம் ஏன் சம்பந்திகளைக் கண்டிக்க வேண்டும்?

மத்ஹபைக் கைவிடுமாறு நாம் சொல்லவில்லை, உறுதியாகப் பின்பற்றுங்கள். புறப்படுமுன் பிள்ளைகளிடம், "அங்கே நண்டு வைப்பார்கள். நாம் உண்பதில்லை, அவர்கள் உண்பார்கள். இருவருக்கும் ஆதாரம் உண்டு" என்று சொல்லிவையுங்கள். அந்த ஒரு வாக்கியம் அவர்களை வாழ்நாள் முழுதும் பல பிணக்குகளிலிருந்து காக்கும்.

பயணங்களை உறவைச் சேர்க்கும் பயணங்களாக வல்ல இறைவன் ஆக்குவானாக. ஆமீன்.