ஆல்-சீசன் ரைடிங் பேன்ட்: இதுவும் ஒரு எண்டோவ்மென்ட் பாலிசிதான்!



நம்ம சேனலைத் தொடர்ந்து பார்க்கிறவங்களுக்கு ஒரு விஷயம் மனப்பாடமே ஆகியிருக்கும். இன்சூரன்ஸையும் முதலீட்டையும் ஒண்ணா கலக்காதீங்க. டெர்ம் பாலிசி தனி, மியூச்சுவல் ஃபண்ட் தனி. ரெண்டும் ஒரே பொட்டலத்துல கிடைக்குதேன்னு எண்டோவ்மென்ட் பாலிசி எடுத்தா, கவரேஜும் பத்தாது, வருமானமும் பத்தாது.

இன்னிக்கு அதே கணக்கை ஒரு பேன்ட்டுக்குப் போட்டுப் பார்க்கப் போறோம். பைக் ஓட்டும்போது போடுற ரைடிங் பேன்ட். சென்னையிலயோ பெங்களூருலயோ வேலை பார்த்துட்டு, வாரக் கடைசியில பைக்ல திருவண்ணாமலைக்கு வந்து போற பசங்க, பொண்ணுங்க இப்போ நிறைய. ரெண்டு பக்கமும் ஏறக்குறைய 200 கிலோமீட்டர். சிலருக்கு இது சொந்த ஊர், சிலருக்கு பௌர்ணமி கிரிவலம். முதல் போனஸ் வந்ததும் இவங்க தேடுறது "வெயில், மழை, குளிர் எல்லாத்துக்கும் ஒரே பேன்ட்". கடைக்காரரும் 15,000 ரூபாய்ல ஒண்ணை எடுத்து நீட்டுவார்.

என் கருத்தை முதல்லயே சொல்லிடறேன். நம்ம ரூட்டுக்கு அந்த 15,000 ரூபாய் பேன்ட் வேண்டாம். காத்து போற மெஷ் பேன்ட் ஒண்ணு, மேல மாட்டுற மழை பேன்ட் ஒண்ணு, உள்ளே போட ஒரு தெர்மல். மூணையும் தனித்தனியா வாங்குங்க. ஏன்னு பார்ப்போம்.

நம்ம ஊர் சீசன் எப்படி?

கிளாம்பாக்கம் தாண்டி செங்கல்பட்டு, மதுராந்தகம், திண்டிவனம், செஞ்சி, கீழ்பென்னாத்தூர் வழியா திருவண்ணாமலை. மார்ச்சுல இருந்து வெயில் ஏறும். கத்திரி வெயில்ல 40 டிகிரியைத் தொடும், தார் ரோட்டுச் சூடு அதுக்கு மேல. ஆகஸ்ட், செப்டம்பர்ல பகல் முழுக்க வெயில், சாயங்காலம் திடீர்னு இடி மழை. அக்டோபர்ல இருந்து டிசம்பர் வரைக்கும் வடகிழக்குப் பருவமழை. கார்த்திகை தீபமும் இந்த நேரத்துலதான் வருது. மார்கழி, தை விடியற்காலையில பனி. பெங்களூருல இருந்து கிருஷ்ணகிரி, ஊத்தங்கரை, செங்கம் வழியா வர்றவங்களுக்கு அந்தக் குளிர் இன்னும் கொஞ்சம் அதிகம்.

வருஷத்துல பாதிக்கு மேல நமக்கு எதிரி வெயில்தான். மழை சில மணி நேரம், குளிர் சில வாரம். செலவையும் அதே விகிதத்துல பிரிக்கணும்.

ஆல்-சீசன் பேன்ட்ல என்ன பிரச்சினை?

இந்த பேன்ட் பெரும்பாலும் மூணு அடுக்கு. வெளியே கெட்டித் துணி, உள்ளே கழட்டி மாட்டுற மழை லைனர், அதுக்கும் உள்ளே குளிர் லைனர். கேட்க நல்லாத்தான் இருக்கு. ரோட்டுல என்ன நடக்கும்னு யோசிங்க.

முதல் விஷயம், மழை லைனர் உள்பக்கம் இருக்கு. செஞ்சி தாண்டும்போது மழை பிடிச்சா, அதை மாட்ட பேன்ட்டையே கழட்டணும். ஷூவையும் கழட்டணும். டீக்கடை வாசல்ல நின்னு இதை யார் செய்வா? பெண்களுக்கு இது இன்னும் கஷ்டம். அதனால "சின்ன மழைதானே"ன்னு அப்படியே ஓட்டுவாங்க. காசு கொடுத்து வாங்கின லைனர் பையில பத்திரமா இருக்கும்.

ரெண்டாவது, லைனரை மாட்டினாலும் வெளித்துணி நனையும். தண்ணியைக் குடிச்சு கனமாகும், காத்து பட்டா ஜில்லுன்னு இருக்கும், ராத்திரி லாட்ஜ்ல காயவும் காயாது.

மூணாவது, வியர்வை. தண்ணி உள்ளே வராது, ஆனா வியர்வை ஆவியா வெளியே போயிடும்னு விளம்பரம் பண்ணுவாங்க. உள்ளே ஈரப்பதம் அதிகமாவும் வெளியே குறைவாவும் இருந்தாத்தான் அந்தத் துணி நல்லா வேலை செய்யும். ஐரோப்பாக் குளிர்ல அது சரி. சென்னை, செங்கல்பட்டுப் புழுக்கத்துல வெளியேயும் ஈரம்தான். அப்போ ஆவி எங்கே போகும்?

இதோட விளைவு என்ன? மார்ச்சுல இருந்து அந்த பேன்ட் பீரோவுக்குப் போயிடும். நீங்க சாதா ஜீன்ஸ்ல ஓட்டுவீங்க. பீரோவுல இருக்கிற பேன்ட் எந்த முட்டியையும் காப்பாத்தாது.

ஒரு ரைடுக்கு எவ்வளவு?

விலைப் பட்டியலைப் பார்க்காதீங்க, ஒரு ரைடுக்கு எவ்வளவு ஆகுதுன்னு பாருங்க. மாசம் ரெண்டு தடவை ஊருக்குப் போனா, போக வர வருஷத்துக்கு 48 ரைடு. பேன்ட் 4 வருஷம் உழைக்கும்னு வைப்போம். கீழே இருக்கிற விலைகள் கணக்குக்காக எடுத்த தோராயமான விலைகள்.

ஆல்-சீசன் பேன்ட்: 15,000 ரூபாய். நவம்பர் முதல் பிப்ரவரி வரை மட்டும் போடுவீங்க. வருஷத்துக்கு 16 ரைடு, 4 வருஷத்துக்கு 64. ஒரு ரைடுக்கு 234 ரூபாய்.

தனித்தனி செட்: மெஷ் பேன்ட் 7,000, மழை பேன்ட் 1,500, தெர்மல் 500. மொத்தம் 9,000 ரூபாய். வருஷத்துக்கு 40 ரைடாவது போடுவீங்க, 4 வருஷத்துக்கு 160. ஒரு ரைடுக்கு 56 ரூபாய்.

இன்னொரு சின்ன லாபமும் இருக்கு. 2025 செப்டம்பர் 22 முதல் 2,500 ரூபாய்க்கு மேல விலையுள்ள ஆடைகளுக்கு ஜிஎஸ்டி 12-ல இருந்து 18 சதவீதம் ஆயிடுச்சு. 2,500 வரைக்கும் 5 சதவீதம்தான். மழை பேன்ட்டையும் தெர்மலையும் தனியா வாங்கும்போது அந்த 5 சதவீதப் பக்கம் வந்துடறீங்க. ஒரே பேன்ட்டா வாங்கினா லைனருக்கும் சேர்த்து 18 சதவீதம் கட்டறீங்க.

விழுந்தா யார் பணம் தருவா?

"பைக் இன்சூரன்ஸ்லயே 15 லட்சம் இருக்கே பிரதர்"னு சிலர் சொல்வாங்க. இருக்கு. ஓனர்-டிரைவர் தனிநபர் விபத்து கவர். அது எதுக்கு? மரணம், கை கால் அல்லது கண் இழப்பு, நிரந்தர முழு ஊனம். முட்டித் தோல் உரிஞ்சு ஒன்றரை மாசம் படுத்திருந்தா அதுல ஒரு ரூபாய்கூட வராது.

மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகக் கணக்குப்படி 2022-ல இந்திய சாலைகள்ல இறந்தவங்க 1,68,491 பேர். காயம்பட்டவங்க 4,43,366 பேர். நம்ம பேச்செல்லாம் முதல் எண்ணைப் பத்தித்தான். சம்பளத்துல கை வைக்கிறது ரெண்டாவது எண்.

35,000 ரூபாய் சம்பளம்னு வைங்க. தோல் ஒட்டுற அளவுக்குக் காயம், 6 வாரம் வீட்டுல. கையில இருக்கிற லீவ் 2 வாரம் போக, 4 வாரம் சம்பளம் கட். ஏறக்குறைய 32,000 ரூபாய். ஹெல்த் இன்சூரன்ஸ் ஆஸ்பத்திரி பில்லைப் பார்த்துக்கும், சம்பளத்தைப் பார்த்துக்காது. வீட்டு வாடகையும் பைக் இஎம்ஐயும் அதே தேதிக்கு வரும். 21,000 ரூபாய்க்குள்ள சம்பளம் வாங்கி இஎஸ்ஐல இருக்கிறவங்களுக்கு மட்டும் 70 சதவீதம் வரைக்கும் நோய்க்காலப் படி உண்டு, வருஷத்துக்கு அதிகபட்சம் 91 நாள்.

ரைடிங் பேன்ட் இதைக் குறைக்குமா? 2011-ல ஆஸ்திரேலியாவுல லிஸ் டி ரோம் குழு, விபத்துல சிக்கின 212 ரைடர்களை வச்சு ஒரு ஆய்வு வெளியிட்டாங்க. ரைடிங் பேன்ட் போட்டிருந்தவங்க ஆஸ்பத்திரியில சேர்ற வாய்ப்பு, போடாதவங்களோட ஒப்பிட்டா ஏறக்குறைய பாதிதான். அதே ஆய்வு இன்னொண்ணும் சொல்லுது: எலும்பு முறிவு குறைஞ்சதா தெரியல. அதனால "இதைப் போட்டா ஒண்ணும் ஆகாது"ன்னு யாராவது வித்தா நம்பாதீங்க. தோலும் சதையும் தப்பிக்கும். நம்ம சம்பளக் கணக்குக்கு அதுவே பெரிய விஷயம்.

லேபிள்ல என்ன பார்க்கணும்?

ராயல் என்ஃபீல்டு, ரைனாக்ஸ், வியாடெரா, ரைடா எல்லாரும் ரைடிங் பேன்ட் விக்கிறாங்க. எந்த பிராண்டா இருந்தாலும் லேபிளைத் திருப்பிப் படிங்க.

1. பேன்ட்டுக்கு இஎன் 17092 தரம். அதுல ஏஏஏ, ஏஏ, ஏ, பி, சின்னு வகுப்பு உண்டு. மெஷ்ல ஏஏ கிடைச்சா அருமை, ஏ-வுக்குக் கீழ இறங்காதீங்க.

2. உள்ளே இருக்கிற கார்டுக்கு இஎன் 1621-1 தரம். லெவல் 1, லெவல் 2னு இருக்கும். லெவல் 2 அடியை இன்னும் குறைச்சு உடம்புக்கு விடும். முட்டிக்கு கே, இடுப்புக்கு ஹெச்னு ஆங்கில எழுத்து போட்டிருப்பாங்க. பல பேன்ட்ல இடுப்புக்கு வெறும் ஸ்பான்ஞ்சை வச்சு அனுப்புவாங்க. கைவிட்டுப் பாருங்க.

3. மெஷ் எங்கே இருக்குன்னு பாருங்க. மெஷ் கெட்டித் துணியைவிட உரசலுக்குக் கொஞ்சம் பலவீனம்தான், அதை மறைக்க வேண்டாம். உட்காருற இடம், இடுப்பு, முட்டி மூணும் கெட்டித் துணியா இருக்கணும். தொடையில மெஷ் இருந்தா போதும்.

4. நின்னுட்டு சைஸ் பார்க்காதீங்க. பைக்ல உட்கார்ந்து பாருங்க. அப்போ கார்டு முட்டி மேல உட்காரணும். கையால தள்ளினா பக்கவாட்டுல நகருதுன்னா, ரோட்டுலயும் நகரும். அப்படிப்பட்ட பேன்ட்டுக்கு எவ்வளவு விலை கொடுத்தாலும் வேஸ்ட்.

மழை பேன்ட்ல காசை எங்கே போடணும்?

தண்ணி புகுற இடம் கவட்டைத் தையல். அங்கே தையலுக்கு மேல டேப் ஒட்டியிருக்கான்னு பாருங்க. காலடியில நீளமான ஜிப் இருந்தா ஷூவைக் கழட்டாமலே மாட்டலாம், ரெண்டு நிமிஷ வேலை. பேன்ட் ஷூவுக்கு மேல விழணும், ஷூவுக்குள்ள போனா தண்ணியும் கூடவே போகும். சைலன்சர்ல பட்டா உருகும், அதனால தொளதொளன்னு வாங்காதீங்க. ரிஃப்ளெக்டிவ் பட்டை இருந்தா நல்லது.

ஊருக்கு வந்த பிறகும் இந்த செட் வசதி. 14 கிலோமீட்டர் கிரிவலத்தை யாரும் ரைடிங் பேன்ட்டோட சுத்தப் போறதில்ல. மெஷ் பேன்ட்டை ரூம்ல மாட்டிட்டு வேட்டிக்கு மாறலாம். நீங்க திரும்பி வர்றதுக்குள்ள வியர்வை காஞ்சிருக்கும்.

"ஆனா எனக்கு..."

ஊட்டி, கொடைக்கானல், லடாக்னு வருஷத்துல பல தடவை போறவரா? ஆல்-சீசன் உங்களுக்கு சரி, அந்தக் குளிருக்கு அது வேணும். வருஷத்துக்கு ஒரு தடவை மட்டும் போறீங்கன்னா, அந்த ஒரு வாரத்துக்காக மீதி 51 வாரம் வேர்க்காதீங்க.

அவ்வளவு பட்ஜெட் இல்லையா? இஎம்ஐல வாங்காதீங்க. நோ-காஸ்ட் இஎம்ஐலகூட பிராசஸிங் கட்டணம், வட்டிக்கான ஜிஎஸ்டி உங்க தலையிலதான் விழும். முதல் மாசம், இருக்கிற ஜீன்ஸ் மேல கட்டுற முட்டி கார்டு. மழைக்கு முன்னாடி மழை பேன்ட். அடுத்த போனஸ்ல மெஷ் பேன்ட். ஹெல்மெட் மட்டும் இந்த வரிசையில காத்திருக்கக் கூடாது. அது முதல் நாளே வேணும், ஐஎஸ்ஐ முத்திரையோட.

15,000 ரூபாய் ஒதுக்கி வச்சவங்களுக்கு 6,000 மிச்சம். அதுல நல்ல கிளவுஸ் ஒண்ணு. மீதியில ஒரு தனி விபத்து பாலிசி பாருங்க. 2021 ஏப்ரல்ல இருந்து எல்லா பொதுக் காப்பீட்டு கம்பெனிலயும் கிடைக்கிற சரல் சுரக்ஷா பீமாவுல, தற்காலிகமா வேலைக்குப் போக முடியாத நிலைக்கும் கூடுதல் கவர் சேர்க்கலாம். வாரத்துக்கு காப்பீட்டுத் தொகையில 0.2 சதவீதம், 10 லட்சத்துக்கு வாரம் 2,000 ரூபாய். பேன்ட் தடுக்க முடியாத இடத்துல இது கொஞ்சம் கை கொடுக்கும்.

எந்த பேன்ட்டும் போதாத நாள்

2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி பக்கம் கரையைக் கடந்துச்சு. விழுப்புரம் மாவட்டம் மயிலத்துல ஒரே நாள்ல 50 சென்டிமீட்டர் அளவுக்கு மழை. மறுநாள் திருவண்ணாமலை வ.உ.சி. நகர்ல மண் சரிஞ்சு 7 பேர் இறந்துட்டாங்க. இப்படிப்பட்ட நாளுக்கு ரைடிங் கியர்னு எதுவுமே கிடையாது.

ரெட் அலர்ட் வந்தா பைக் சாவியை எடுக்காதீங்க. ரோடு வெள்ளமா இருந்தா பஸ், ரயிலையும் நம்பிக் கிளம்ப வேண்டாம், இருக்கிற இடத்துலயே இருங்க. சாதாரண மழை நாள்ல ஓட்ட மனசு வரலையா? கிளாம்பாக்கத்துல இருந்து பஸ் இருக்கு. 2024 மே மாசத்துல இருந்து சென்னை கடற்கரையில இருந்து வேலூர் வழியா திருவண்ணாமலைக்கு ரயிலும் இருக்கு. தொடங்கினப்போ டிக்கெட் 50 ரூபாய்! ஒரு ரைடுக்கு 56 ரூபாய்னு நாம போட்ட கணக்கைவிட அது குறைவு.

நீங்க எந்த ரூட்ல ஓட்டுறீங்க, வருஷத்துக்கு எத்தனை ரைடு? அதை 4 வருஷத்துக்குப் பெருக்கி, உங்க பேன்ட்டோட விலையை அந்த எண்ணால வகுத்துப் பாருங்க. வர்ற தொகையை வீடியோவுக்குக் கீழே எழுதுங்க. 200-ஐத் தாண்டினவங்க பீரோவைத் திறந்து பாருங்க, காரணம் அங்கே தொங்கிட்டு இருக்கும்.