பிள்ளைகளின் குளியலறைக்கு ஒரு தாழ்ப்பாள்



வீடு கட்டுவோர் கூடத்தின் அழகுக்கும் சமையலறையின் வசதிக்கும் பல நாள் யோசிக்கிறார்கள். பிள்ளைகளின் குளியலறையைப் பற்றிய பேச்சோ டைல்ஸ் கடையில் தொடங்கி அங்கேயே முடிந்துவிடுகிறது. நாங்களும் அவ்வாறே செய்தோம். அந்தத் தவற்றை மற்றவர்களும் செய்யாதிருக்கவே இதனை எழுதுகிறேன்.

எங்கள் வீடு எழும்பியபோது மூத்த மகளுக்கு 4 வயது. பிள்ளைகளின் குளியலறையில் சித்திரங்கள் நிறைந்த டைல்ஸ் பதித்தோம். கை கழுவும் தொட்டியை அவளுடைய உயரத்திற்குத் தாழ்த்தினோம். கழிப்பறைப் பீங்கானையும் சிறிய அளவிலேயே வாங்கினோம். மறு ஆண்டு இளையவள் உள்ளே தாழிட்டுக்கொண்டு, திறக்கத் தெரியாமல் அழுது துடித்தாள். அன்றே உட்புறத் தாழ்ப்பாளைக் கழற்றிவிட்டோம். ஆண்டுகள் ஓடின, கழற்றிய தாழ்ப்பாளை எவரும் நினைக்கவில்லை.

மூத்தவளுக்கு 12 வயதானபோது, ஒரு நாள் லுஹர் நேரத்தில் தங்கை அக்கதவின் முன்னால் ஓதும் கிதாபுடன் அமர்ந்திருக்கக் கண்டேன்.

“இங்கே உட்கார்ந்து என்னம்மா செய்கிறாய்?”

“லாத்தா குளிக்கிறா உம்மா. யாரும் வராம பாத்துக்கச் சொன்னா.”

“எத்தனை நாளாக?”

“எப்பவும் நான்தானே உட்காருவேன்.”

வெட்கம் ஈமானின் ஒரு கிளை என்று மத்ரஸாவில் மாணவியருக்குப் பாடம் நடத்துகிறவள் நான். என் மகளோ தன் வெட்கத்தைக் காத்துக்கொள்ளத் தங்கையைக் காவல் வைத்திருந்தாள். குளியலறை அவளுடைய 4 வயதிலேயே நின்றுவிட்டது, அவள் வளர்ந்துவிட்டாள்.

பிள்ளைகள் படிப்படியாக வளர்கிறார்கள் என்பதை நம் மார்க்கம் மிக நுட்பமாகக் கவனித்திருக்கிறது. பருவமடையாத சிறுவரும் ஃபஜ்ருக்கு முன், நண்பகலில், இஷாவுக்குப் பின் என மூன்று வேளைகளில் அனுமதி கேட்டே உள்ளே வர வேண்டும் என்றும், பருவமடைந்தபின் எவ்வேளையிலும் அனுமதி கேட்க வேண்டும் என்றும் ஸூரத்துந் நூர் கற்பிக்கிறது. 7 வயதில் தொழுகையை ஏவவும், 10 வயதில் படுக்கைகளைப் பிரிக்கவும் நபி (ஸல்) அவர்கள் பணித்தார்கள். 7 வயதுப் பிள்ளை தொழ வேண்டுமென்றால், இஸ்தின்ஜாவும் உளூவும் பிறர் துணையின்றிச் செய்ய அதற்கு இடம் வேண்டும். பருவமடைந்த பிள்ளைக்குக் கடமையான குளிப்பைப் பதற்றமின்றி நிறைவேற்ற மறைவு வேண்டும். இவ்விரண்டையும் ஒரே அறை தர வேண்டும்.

ஆகவே என் கருத்து இதுதான்: சுவரிலும் தரையிலும் பதிக்கப்படுபவை யாவும் அப்பிள்ளைகள் நாளை ஆகப்போகும் பெரியவர்களுக்காக இருக்கட்டும். நகர்த்தக்கூடியவை மட்டும் இன்றைய குழந்தைக்காக இருக்கட்டும். பீங்கானும் கை கழுவும் தொட்டியும் வழக்கமான அளவிலேயே அமையட்டும். சிறுவர் ஏறி நிற்க வழுக்காத ஒரு படிப்பலகையும், பீங்கானின் மேல் பொருத்தி எடுக்கும் சிறிய இருக்கையும் போதும். ‘குழந்தைக்கு மகிழ்ச்சி வேண்டாமா?’ என்று கேட்போர் உண்டு. வேண்டும். அந்த வண்ணங்கள் வாளியிலும் துவாலையிலும் இருக்கட்டும். அவற்றை மாற்றுவது எளிது, டைல்ஸைப் பெயர்ப்பது கடினம்.

டைல்ஸ் பதிக்குமுன் நீர்க்கசிவுத் தடுப்புப் பூச்சு இட்டு, தளத்தில் இரண்டு நாள் நீர் தேக்கிக் கசிவு உண்டா என்று பாருங்கள். 8 அடி நீளத்திற்கு ஒன்றேகால் அங்குலமாவது வாட்டம் இருந்தால்தான் நீர் தேங்காது. தரைக்குச் சொரசொரப்பான டைல்ஸே ஏற்றது. குளிக்கும் பகுதியைச் சற்றுத் தாழ்த்தி, கழிப்பறைப் பகுதியிலிருந்து சிறு தடுப்பால் பிரித்துவிட்டால் நஜீஸ் பட்ட நீர் பரவுமோ என்ற ஐயம் குறையும். துணி மாட்டும் கொக்கி நீர் தெறிக்காத இடத்தில் இருக்க வேண்டும். நம் ஊரில் கிப்லா மேற்கே சற்று வடக்குச் சாய்ந்தது. எனவே அமர்பவரின் முகமோ முதுகோ கிப்லாவை நோக்காதபடி பீங்கானை வடக்கு தெற்காக அமைப்பது பேணுதல். இதைக் குழாய் பதிக்குமுன்பே கொத்தனாரிடம் சொல்லிவிட வேண்டும்.

இடமிருந்தால், பள்ளிவாசலில் இருப்பதுபோல் 14 அங்குல உயரத்தில் ஒரு சிறு திண்ணையும் அதன் எதிரே தாழ்வான ஒரு குழாயும் அமையுங்கள். 6 வயதுச் சிறுவனும் முழங்கால் வலியுள்ள பாட்டியும் அதில் அமர்ந்து உளூச் செய்யலாம். வீட்டில் எவர் வளர்ந்தாலும் எவர் முதுமையடைந்தாலும் அது பயன்படும்.

பாதுகாப்பையும் மறத்தலாகாது. தவழும் குழந்தை உள்ள வீட்டில் நீர் நிரம்பிய வாளியை ஒருபோதும் விட்டுவைக்காதீர். சிறிதளவு நீரும் உயிரைப் பறித்துவிடும். கீசரின் வெப்பம் 50 டிகிரியைத் தாண்ட வேண்டாம். ஆசிட் புட்டி அந்த அறையிலேயே இருக்க வேண்டாம். தாழ்ப்பாளைப் பொறுத்தவரை, உள்ளிருந்து பூட்டி, அவசரத்தில் வெளியிலிருந்து நாணயத்தால் திருகித் திறக்கும் பூட்டுகள் கடைகளில் கிடைக்கின்றன. அன்றே இதை விசாரித்திருந்தால் என் மகள் காவல் வைத்திருக்க மாட்டாள்.

வாடகை வீட்டில், எல்லோருக்கும் ஒரே குளியலறையுடன் வாழும் குடும்பங்களே நம்மில் அதிகம். அவர்களாலும் ஒரு படிப்பலகையும், எட்டும் உயரத்தில் ஒரு கொக்கியும், உறுதியான ஒரு தாழ்ப்பாளும் வைக்க இயலும். பிள்ளை உள்ளே இருக்கும்போது கதவைத் தட்டி அவசரப்படுத்தாமல் இருப்பதற்குச் செலவே இல்லை.

அன்று மாலையே என் கணவர் புதிய பூட்டைப் பொருத்தினார். மகள் எதுவும் சொல்லவில்லை. ஒரு முறை பூட்டிப் பார்த்தாள், திறந்தாள், மீண்டும் பூட்டினாள். தங்கையின் காவல் அன்றோடு முடிந்தது.

நம் பிள்ளைகளைத் தூய்மையும் வெட்கமும் உடையவர்களாக அல்லாஹ் ஆக்கியருள்வானாக. ஆமீன்.