பட்டியலை விட்டிட்டு மண்டபத்துக்குள்ள போவம்



போன கிழமை எங்கட வட்ஸ்அப் குழுவுக்கு ஒரு பட்டியல் வந்தது. "பகிஷ்கரிக்க வேண்டிய தமிழ்க் கடைகள்" என்று தலைப்பு. மொத்தம் 14 பெயர். மளிகைக் கடைகள், ஒரு நகைக்கடை, வீட்டிலிருந்து கேக் செய்து கொடுக்கிற ஓர் அன்ரிகூட இருக்கிறா. இவர்கள் எல்லாரும் செய்த குற்றம், ஒரு கல்யாண மண்டபத்தின் ஆண்டு மலருக்கு விளம்பரம் கொடுத்தது. அந்த மண்டபம் செய்தது உங்களுக்குத் தெரியும். மணமக்கள் இரண்டு பேரும் பெண்கள் என்று தெரிந்த அடுத்த நாள், "அந்தத் திகதி முதலே போயிட்டுது பிள்ளை" என்று சொல்லி முற்பணத்தைத் திருப்பிக் கொடுத்தது.

எனக்கும் கோபம்தான். அந்த இரண்டு பேரில் ஒருத்தி என்னோடு ஒரே வகுப்பில் படித்தவள். ஆனாலும் செவ்வாய்க்கிழமைக் கூட்டத்தில் பட்டியல் வாக்குக்கு வந்தால் எதிர்த்து வாக்களிப்பன். ஏன் என்று இதில் எழுதுறன்.

முதலில், "வியாபாரத்துக்குள்ள அரசியலைக் கொண்டு வராதேங்கோ" என்று சொல்கிற அங்கிள்மாரோடு நான் நிற்கவில்லை. 2009க்குப் பிறகு சிறிலங்கா கிரிக்கெட் அணி இங்கே விளையாட வந்த நேரம், மைதான வாசலில் என்ர கையில் பதாகையைத் தந்தது அவையள்தான். பகிஷ்கரிப்பு ஓர் ஆயுதம் என்று படிப்பித்ததே அவை. இப்ப மட்டும் அது நாகரிகமில்லாத வேலையாகிவிட்டதாம். ஒருவருக்குத் தன் கருத்தைச் சொல்ல உரிமை இருக்கு. அதுக்காக என்ர காசு அவருடைய கல்லாவுக்குப் போகவேண்டும் என்றில்லை. அந்த வாதம் அதோட முடிஞ்சுது.

என்ர சண்டை எங்கட பக்கத்தோட.

2017 மார்ச் ஞாபகம் இருக்கா? பைபிள் சங்கத்தின் காணொளி ஒன்றில் இரண்டு லிபரல் எம்.பி.மார் கூப்பர்ஸ் பியரைக் கையில் வைத்துக்கொண்டு ஒருபாலினத் திருமணத்தைப் பற்றி "மென்மையாக" விவாதித்தார்கள். பப்புகள் கூப்பர்ஸை நிறுத்தின. சில நாளிலேயே கம்பனி மன்னிப்புக் கேட்டது, திருமண சமத்துவ இயக்கத்தில் சேருகிறோம் என்றும் அறிவித்தது. நியூடவுனில் நாங்கள் வேற பியர் குடிச்சுக் கொண்டாடினம். எனக்கும் அண்டைக்கு நல்ல சந்தோசம்.

நவம்பரில் தபால் வாக்கெடுப்பு முடிவு வந்தது. நாடு முழுவதும் 61.6 சதவீதம் "ஆம்". பரமட்டா தொகுதியில் 61.6 சதவீதம் "இல்லை". "இல்லை" என்ற 17 தொகுதிகளில் 12 சிட்னியில், பெரும்பாலும் மேற்குச் சிட்னியில், அதாவது எங்கட அம்மா அப்பா இருக்கிற பக்கத்தில். ஒரு பியர் கம்பனியை மண்டியிட வைத்த நாங்கள், மார்ச்சுக்கும் நவம்பருக்கும் இடையில் தமிழில் ஒரு துண்டுப்பிரசுரம்கூட அச்சடிக்கேல்லை. வென்ட்வேர்த்வில்லில் ஒரு கதவைத் தட்டேல்லை. குடிக்கிற பியரை மாத்துறது சுகம். பெரியம்மாவோட கதைக்கிறதுதான் கஷ்டம்.

அப்ப பகிஷ்கரிப்பே வேண்டாமா? அப்படி நான் சொல்லேல்லை. சான் டியாகோவைப் பாருங்கோ. 2008இல் கலிஃபோர்னியாவில் ஒருபாலினத் திருமணத்தைத் தடைசெய்ய 8ஆவது முன்மொழிவு வந்தபோது, அதை வாக்குச்சீட்டில் ஏற்றுகிற வேலைக்கு டக் மன்செஸ்டர் என்ற ஹோட்டல் முதலாளி 1,25,000 டொலர் கொடுத்தார். அவருடைய கிராண்ட் ஹயட் ஹோட்டலுக்கு எதிரான பகிஷ்கரிப்பை குயர் அமைப்புகள் தனியாக நடத்தவில்லை. ஹோட்டல் தொழிலாளர் சங்கமான யுனைட் ஹியர் கூட நின்றது. கலியாணம் கட்டுகிற உரிமையும், அறை துப்புரவு செய்கிற பெண்களின் வேலைச்சுமையும் ஒரே மறியலில் பேசப்பட்டன. அடுத்த வருசம் முதலாளி 25,000 டொலர் காசும் 1,00,000 டொலருக்கு ஹோட்டல் சலுகையும் குயர் அமைப்புகளுக்குத் தர முன்வந்தார். கூட்டிப் பாருங்கோ, அதே தொகைதான். வாங்கி விலக முடியவில்லை. துப்புரவுப் பெண்கள் இன்னும் வாசலில் நின்றார்கள்.

மிகைப்படுத்த மாட்டன். 8ஆவது முன்மொழிவு அந்த நவம்பரில் நிறைவேறியது. மன்செஸ்டர் 2011இல் ஹோட்டலை வித்துப்போட்டு அதே வருசம் ஊர்ப் பத்திரிகையையே வாங்கினார். ஆள் ஒண்டும் ஆண்டியாகேல்லை. ஆனால் அங்கே ஒரு கூட்டு உருவானது. கூப்பர்ஸ் விசயத்தில் எங்களுக்குக் கிடைத்தது ஒரு மன்னிப்பு மட்டும்.

இப்ப எங்கட 14 கடைக்கு வாறன். அந்த மளிகைக் கடை ஒன்றில் கல்லாவில் நிற்கிற தம்பி பிரிட்ஜிங் விசாவில் இருக்கிறார். நாங்கள் ஐம்பது பேர் போகாமல் விட்டால் முதலாளிக்குப் பெரிசா வலிக்காது, தம்பியின் மணித்தியாலம்தான் வெட்டுப்படும். பட்டியல் போட்ட ஒருவரும் அவரோட கதைக்கேல்லை. கேக் அன்ரியிட்டையும் ஒருவரும் கேக்கேல்லை. மண்டபம் செய்தது அவவுக்குத் தெரியுமோ என்றுகூடத் தெரியாது.

அதைவிட மோசம், கலியாணம் கட்டப்போற இரண்டு பேரையும் ஒருவரும் கேட்கவில்லை. நான் கேட்டன். என்ர சிநேகிதி சொன்னாள்: "எனக்கு அந்த மண்டபம்தான் வேணும். என்ர சாமத்தியச் சடங்கு அங்கதான் நடந்தது. அம்மாவுக்கு அங்க வாற எல்லாரையும் தெரியும். அவையளுக்கு முன்னால கட்டோணும்." அவளுக்கு அந்த வாசலுக்குள்ள போகவேணும். நாங்களோ ஒருவரும் அந்தப் பக்கம் போகக்கூடாது எண்டுறம்.

1960களில் யாழ்ப்பாணத்துத் தேநீர்க்கடைகளில் ஒடுக்கப்பட்ட சாதியினரை உள்ளே இருக்க விடமாட்டார்கள். போத்தலிலும் தகர டப்பாவிலும்தான் தேத்தண்ணி. அதுக்கு எதிராக எங்கட இடதுசாரிகளும் அந்த மக்களும் நடத்தியது தேநீர்க்கடைப் பிரவேசம். உள்ளே போய் வாங்கில் இருந்து, கிளாசில் தா என்றார்கள். 1968இல் மாவிட்டபுரம் கோயில் வாசலிலும் அப்படித்தான் நின்றார்கள். சாதியும் இதுவும் ஒன்று என்று நான் சொல்லவில்லை. அவர்கள் அடி வாங்கினார்கள், உயிரும் கொடுத்தார்கள். எங்களுக்கு வரப்போறது சில அங்கிள்மாரின்ர முறைப்பு.

ஆகவே என்ர மாற்றுப் பிரேரணை: மண்டபத்துக்கு மட்டும், கோரிக்கையோடு. அதே திகதி, அதே கட்டணம், இரண்டு பேரிடமும் மன்னிப்பு. நிர்வாகசபைக்குத் தமிழில் கடிதம், பதிலுக்கு மூன்று கிழமை. அவர்கள் இரண்டு பேரும் விரும்பினால் நியூ சவுத் வேல்ஸ் பாரபட்சத் தடைச் சட்டத்தின் கீழ் முறைப்பாடு. (மண்டபம் கோயிலின்ர சொத்தில்லை, மதவிலக்கு எண்டு கதை விடேலாது.) அதுக்கிடையில் 14 கடைக்கும் ஆள் பிரிச்சுப் போய்க் கதைப்பம். அடுத்த மலருக்கு விளம்பரம் தரமாட்டன் என்று ஒரு கையெழுத்துக் கேப்பம். வேலை செய்யிற ஆக்களோட தனியாகவும் கதைப்பம், மணித்தியாலத்துக்கு என்ன குடுக்கிறாங்கள் எண்டதையும் சேர்த்து. இவ்வளவுக்குப் பிறகும் மண்டபம் அசையாட்டி, வாசலில் மறியல். அண்டைக்கு முதல் ஆளா நான் நிப்பன்.

கேக் அன்ரியிட்டை நான் போறன். சனிக்கிழமை பின்னேரம். கூட வர ஆராவது இருந்தால் மெசேஜ் போடுங்கோ.